பட்டியலில் என் பெயர் மட்டும்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின வருடம். மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பில் பதினாறு பேர். அரசாங்கச் சோதனையில் பலர் தவறினால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவதாக இன்ஸ்பெக்டர் எச்சரித்திருந்தார்.

சோதனை முடிவு இங்கிலீசில் வந்தது. அதில் தட்டுத்தடுமாறும் பெரிய வாத்தியார் தலைப்பைத் தாண்டி நேரே பெயருக்குப் போனார். இருந்தது என் பெயர் மட்டும்.

"பொன்னம்மா ஒருத்திதான் பாஸ். நம்மட பள்ளிக்கூடம் போச்சு" என்று கதிரையில் சாய்ந்தார். மற்றவர்கள் அழுதார்கள். செய்தி கேட்ட அப்பா வயல் வேலையைப் போட்டுவிட்டு, எருமைத் தயிர்ச் சட்டியோடு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நான் சீனி போட்டுப் பாதியைத் தின்றுவிட்டேன்.

அப்போது பக்கத்து ஊர் வாத்தியார் சைக்கிளில் வந்தார்.

"இந்தப் பக்கத்துல நீங்கதான் முதல். எங்களுக்கு ஏழு பேர் பெயில், உங்களுக்கு ஒண்டுதானே?"

பெரிய வாத்தியார் தலைப்பைப் படித்தார். அது தவறியவர்களின் பட்டியல்.

பதினைந்து பேரும் துள்ளினார்கள். பள்ளிக்கூடம் தப்பிய சந்தோஷத்தில் நானும் சேர்ந்து துள்ளினேன். அப்பா சிரித்துக்கொண்டே, "மிச்சத்தை அவங்களுக்குக் குடு, மகள்" என்றார்.

அடுத்த வருடம் தேறினேன். தலைப்பை வாசித்துக் காட்டும்வரை அப்பா சட்டியைத் திறக்கவில்லை.

இன்று நானும் ஆசிரியை. எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் தலைப்பு, பிறகு பெயர்கள், அதற்குப் பிறகுதான் தயிர்.