சமையல் வண்டி வாசலில் இருவர்

ஆர்டிஸ் லோக்கன் பேட்டி எடுக்கப் போனால், விடைபெற்றுக்கொண்ட பிறகுதான் பேட்டியே ஆரம்பமாகும். மேலங்கியை மாட்டிக்கொண்டு, காப்பிக்கு நன்றி சொல்லி, வாசல் கதவின் பிடியில் கை வைக்க வேண்டும். அதுவரை வந்ததெல்லாம் வானிலை.

இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டால்பர்க் மாவட்ட வரலாற்றுச் சங்கம் டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்த முதல் வருடம் அவர் பதிவுசெய்த நாடாக்களில் ஆலங்கட்டி மழையும் கோதுமை விலையும் தவிர வேறொன்றும் இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கும்வரை அங்கே யாரும் யாரைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார்கள். கிளம்புகிற ஆளிடம், கதவைப் பாதி திறந்துவைத்து, டகோட்டாக் குளிரில் நின்றபடி அத்தனையும் சொல்வார்கள். அதனால் ஆர்டிஸ் ரெக்கார்டரைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்திருக்கப் பழகினார். "இது இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, பரவால்லையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பரவாயில்லை என்பார்கள். பேட்டிதான் முடிந்துவிட்டதே.

அதற்கு முன் அவர் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவராக இருந்தார். மாவட்டத்தில் யார் தும்மினாலும் இன்னார் என்று சொல்லிவிடுவார். ஆனால் பழைய வங்கிக் கட்டடத்துச் சங்க அறையில் அவர் முன் வந்து குவிந்தவை குரல்கள் அல்ல, முகங்கள். அவற்றிலும் பெண்களின் படங்கள்தான் அவரைப் படாதபாடு படுத்தின. படத்தின் பின்னால் 'திருமதி ஆல்பர்ட்', 'திருமதி நெல்ஸ்' என்று கணவன் பெயர் மட்டும் இருக்கும். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்ததை எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. ஆர்டிஸ் அந்தப் பெயர்களைத் தேடினார். கிடைத்தால் உடனே எழுதிவிடவும் மாட்டார். ஒருவரோடொருவர் கலந்து பேசாத இரண்டு பேர், குறிப்பைப் பார்க்காமல், ஒரே பெயரைச் சொன்னால்தான் அவருடைய பென்சில் படத்தின் முதுகைத் தொடும்.

எண்பத்தைந்தாம் வருடக் கோடையில் டெலோரஸ் ஹோவ்லாண்ட் ஒரு பெட்டி நிறையப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை வளர்த்த சிற்றன்னை செல்மா அந்த வசந்தத்தில்தான் இறந்திருந்தார். பெற்ற தாய் இங்கா, டெலோரஸ் பிறந்த அன்றே இறந்துவிட்டாள். நார்வேயிலிருந்து தனியாக வேலைக்கு வந்தவள், உறவென்று யாருமில்லை, கல்யாணத்துக்கும் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆர்டிஸ், உன் பெட்டிங்கள்ல எங்கயாவது எங்கம்மா முகம் தட்டுப்பட்டா சொல்லு. அறுவது வயசாச்சு, ஒரு தடவகூட பாத்ததில்ல" என்றாள். சின்ன வயதில் அப்பா கிளாரன்ஸிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டாராம்.

பெட்டியில் ஒரு சட்டமிட்ட படம் இருந்தது. கதிரடிக்கும் கூட்டத்தோடு வயல் வயலாகப் போகும் சமையல் வண்டி. அதன் வாசலில் மாவு படிந்த ஏப்ரனோடு இரண்டு இளம்பெண்கள். பின்னால் கிளாரன்ஸின் தங்கை எப்போதோ எழுதியது: 'திருமதி கிளாரன்ஸ் ஹோவ்லாண்டும் உதவிக்கு வந்தவளும்.' உயரமானவள் செல்மா என்பது பார்த்ததுமே தெரிந்தது. மற்றவளுக்குப் பெயர் வேண்டும் என்று ஆர்டிஸ் படத்தை எடுத்துக்கொண்டு பால்மர் ஸ்டெனர்சனிடம் போனார். பால்மர் அந்தக் காலத்தில் கதிரடிக்கும் நீராவி இயந்திரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்.

மேசையில் பால்மர் கிணறுகளைப் பற்றிப் பேசினார். வாசலில் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"குட்டையா நிக்கறவ இங்கா. சிரிக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது அவளுக்கு. செல்மா உர்ருன்னு இருப்பா, ஆனா இவ சிரிச்சா அவளுக்கும் தொத்திக்கும். ரெண்டு பேரும் ஒட்டிப் பொறந்த மாதிரி திரிவாங்க. அவ போனப்புறம், இங்கா பிள்ளைய வேத்தாள் வளக்க விடமாட்டேன்னு செல்மாவே வந்து நின்னா."

"இது டெலோரஸுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா இருக்கும்?" என்றார் பால்மர், வியப்போடு.

ஆர்டிஸுக்கு நேரே டெலோரஸ் வீட்டுக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை. தவறான முகத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு எப்படித் திருப்பிக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் டெலோரஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சமாளித்தார்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் உயிரோடிருந்த இன்னொருவர் மில்டன் க்ரோட்டே. ஒரு வாய்க்கால் தகராறில் பால்மரோடு பேச்சை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. சாட்சிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. மில்டனும் வாசலுக்கு வந்த பிறகுதான் மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"இது செல்மா. இது இங்கா ப்ரெக்கே, பாவம். பால்மர் வேற பேர் ஏதாச்சும் சொன்னா நம்பாதே. அவனுக்கு அப்பவே கண்ணு சரியில்ல."

பால்மரும் இதையேதான் சொன்னார் என்பதை ஆர்டிஸ் மென்று விழுங்கிக்கொண்டு, நன்றி சொல்லி இறங்கினார்.

மறுநாள் சங்க அறையில் டெலோரஸின் முன் படத்தை வைத்து, இரண்டு பேர் சொன்னதையும் சொன்னார். டெலோரஸ் அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவளக் கூலிக்கு வந்தவன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் கடைசியில். "இது எங்க அடுப்படிச் சுவத்துல மாட்டியிருந்த படம். சனிக்கிழமை ஆனா நான்தான் தொடைப்பேன். அம்மா பின்னாலயே நின்னு, ரெண்டு பேரும் நல்லா தெரியணும், அழுத்தித் தொடைடின்னு சொல்லுவாங்க. கண்ணாடிக்காகச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

ஆர்டிஸ் காப்பியை ஊற்றினார். டெலோரஸ் அழுதாள், மூக்கைத் துடைத்தாள், நாடாவில் இங்காவின் சிரிப்பைப் பற்றி பால்மர் பேசுகிற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஆர்டிஸ் பென்சிலை எடுத்து, பழைய குறிப்பை அழிக்காமல் அதன் கீழே, பிறந்த வீட்டுப் பெயர்களோடு, 'இங்கா ப்ரெக்கே, செல்மா ஆபெர்க்' என்று எழுதினார். படத்தைக் கொடுத்தவருக்கு இவர்கள் என்ன உறவு என்று எழுதும் வழக்கமும் உண்டு. கேட்டார்.

"அம்மான்னு போடு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு தடவ போட்டாப் போதும்."

அந்த வாரம் டெலோரஸ் இரண்டு ஆப்பிள் பை சுட்டாள். ஒன்றை பால்மருக்கும் ஒன்றை மில்டனுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள், வேறு வேறு நாட்களில். யாருக்கு முதலில் கொடுத்தாள் என்பதை இரண்டு பேரிடமும் சொல்லக் கூடாது என்று ஆர்டிஸிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.