சப்பாத்தைக் கழற்றினால் நண்டு வரும்

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் கண்டல் மரங்களின் ஓரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. தேற்றாத்தீவுப் பக்கம், வாவிக்கரை. காணிக்காரர் பரமானந்தம் அண்ணன் அந்த இடத்தை மண் போட்டு நிரப்பிக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார். அருகிவரும் கண்டல் நில நண்டு அங்கே வளை தோண்டி வாழ்கிறது என்று அறிக்கை எழுதியவன் நான். சுற்றாடல் அலுவலகத்தில் வெளிக்கள உதவியாளர். உயிருள்ள நண்டைக் கண்ணால் கண்டால்தான் வேலையை நிறுத்தலாம் என்று சொல்லி, எங்கள் அதிகாரி மேடம் தானே பார்க்க வந்திருந்தார்.

எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து மாட்டிக்கொண்டு மாப்பிள்ளைத் தோழன் போல முன்னால் நடந்தேன்.

"இது ஒரு வளை மேடம், இந்தா இன்னொண்டு. இதில இரிக்கிறவர்தான் பெரியவர்."

வளை வளையாக மிதித்து மிதித்துக் காட்டினேன். ஒரு மணித்தியாலமாக ஒரு நண்டுக் கால்கூட வெளியே வரவில்லை.

பரமானந்தம் அண்ணன் சிரித்தார். "என்ன தம்பி, பெரியவர் குடும்பத்தோட கதிர்காமம் போயிட்டாரோ?"

மேடம் படிவத்தை எடுத்து, 'உயிரினம் காணப்படவில்லை' என்று எழுதினார். கையொப்பம்தான் பாக்கி. அவர் வைத்தால் அன்று மாலைக்குள் எல்லா வளையும் மண்ணுக்குள். நான் பதறிப்போய் இன்னும் இரண்டு வளையை ஓடி ஓடி மிதித்தேன்.

அப்போது பெக்கோ ஓட்டும் ஓட்டமாவடி நஸீர் காக்கா இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், குறை நினைக்கப்படா. இந்தத் தம்பி வயலில சூடடிக்கிற மாடு மாதிரி மிதிச்சா நண்டு எப்பிடி வரும்? நிலம் அதிர்ந்தா அது உள்ளுக்க போயிரும். நான் மிசின நிப்பாட்டுறன். எல்லாரும் ஒரு இடத்தில குந்துங்க. தம்பி, அந்தச் சப்பாத்தக் கழட்டுங்க. மறுகா வாயையும் பொத்துங்க."

குந்தினோம். மழை மூட்டம். எறும்பு என் காலில் ஏறியது. பரமானந்தம் அண்ணன் குந்திய விதத்தைப் பார்த்ததும் எனக்கு அருமையான பகிடி ஒன்று வந்தது, விழுங்கினேன். என் உத்தியோகத்திலேயே மிகக் கடினமான அரை மணித்தியாலம் அதுதான்.

"அந்தா!"

முதலில் கண்டது நானும் இல்லை, மேடமும் இல்லை. பரமானந்தம் அண்ணன். மண்டபத்தை மறந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பழுத்த இலையொண்ட இழுத்துக்கொண்டு போகுது... வயித்தில முட்டையும் இரிக்கு மேடம், பாருங்க, பாருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் யார் பக்கம் என்பது அவருக்கு நினைவு வந்தது. "சரி, என்ட வாயாலயே கெட்டன்" என்று தலையைச் சொறிந்தார்.

மேடம் எழுதியதை வெட்டினார். எனக்குக் கண் கலங்கியது. எறும்புக்கடி என்று சமாளித்தேன்.

மண்டபம் பிறகு வீதிப் பக்கமாக எழுந்தது. இப்போது அங்கே வரும் கல்யாண வீட்டாருக்குப் பரமானந்தம் அண்ணனே நண்டு காட்டுகிறார். "நான்தான் முதல்ல கண்ட ஆள்" என்கிறார். மறுக்க முடியாது.

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, வேறு இடங்களில் 'நண்டு தென்படவில்லை' என்று நான் எழுதிய பழைய அறிக்கைகளில் பாதியை நம்பாதீர்கள். அவை நண்டைப் பற்றியவை அல்ல, என் சப்பாத்தைப் பற்றியவை. கண்டலுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்றுங்கள், குந்துங்கள், வாயைப் பொத்துங்கள். முதல் இரண்டும் எனக்குச் சரிவந்தன.