கழித்த பதினெட்டு

கைருன்னிஸா மெய்யியல் படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் சாய்ந்தமருதில் அவளுடைய தெருவே குழம்பிப்போனது. உளவியல் என்றால் விளங்கும். பெயர்ப்பலகை போட்டு ஓர் ஆலோசனை நிலையம் திறக்கலாம். மெய்யியலை வைத்துக்கொண்டு என்னத்தைத் திறப்பது? அதுவும் நாற்பது வயதில், ஆஸ்பத்திரியில் உளவளத்துணை உத்தியோகத்தர் என்று நிரந்தர வேலை இருக்கும்போது, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கண்டிக்கு பஸ் ஏறுகிறாள் என்றால் அது படிப்பா, பிடிவாதமா? அவளுடைய கணவர் ஸிராஜ், கணித வாத்தியார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்:

"ஊர்ச் சனத்துட மனசெல்லாம் கேட்டு முடிஞ்சி. இப்ப மனசெண்டு ஒண்டு இரிக்கா எண்டு பாக்கப் போறா."

பகிடியாகச் சொன்னாலும் மனிதர் சரியாகத்தான் சொன்னார்.

முதல் வகுப்பிலேயே அவளுக்கு அடி விழுந்தது. விரிவுரையாளர் கலாநிதி பிரசாந் காரைதீவுக்காரர், அவளைவிடப் பத்து வயது இளையவர். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை சேர் என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. அன்றைக்கு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நெல்லை நிறுக்கும்போது தராசில் இருப்பது நெல் என்று எல்லோருக்கும் தெரியும். துக்கத்தை அளக்கிறோம் என்று சொல்லும்போது தராசில் எதை வைக்கிறோம்?

கைருன்னிஸா பேனையைக் கீழே வைத்துவிட்டாள். சுனாமிக்கு அடுத்த மாதம் தொண்டராகச் சேர்ந்தவள் அவள். அன்றிலிருந்து பதினேழு வருடமாக, வருகிறவர்களின் துக்கத்தை அளக்கும் படிவம் நிரப்புகிறாள். இருபத்தொரு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை ஓர் இலக்கம், கூட்டி வந்தது பத்துக்குக் கீழே என்றால் வீட்டுக்குப் போகலாம், மேலே என்றால் வைத்தியரிடம் போக வேண்டும். எத்தனை ஆயிரம் பேரைக் கூட்டியிருப்பாள்! எதைக் கூட்டுகிறோம் என்று ஒரு நாள்கூடத் தன்னைக் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது மகியங்கனை வளைவுகளில் பஸ் ஆடி ஆடி இறங்கியது. முன் சீட்டுகளில் வரிசையாகத் தலைகள் தூங்கி விழுந்தன. அத்தனை தலைக்குள்ளும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியில் நிற்கிற எவராலும் அதைப் பார்க்க முடியாது, அப்படியிருந்தும் மனிதர்கள் ஒருவரையொருவர் பாதிக்குமேல் சரியாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் முதன்முதலாகப் பெரிய அதிசயமாகத் தெரிந்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண் அவளுக்கு வாந்தி வருகிறதாக்கும் என்று நினைத்து ஒரு பொலித்தீன் பையை நீட்டினாள்.

இரண்டு வருடம் வாசித்த பிறகு அவளுடைய ஆய்வுக்கு ஒரு பிடி கிடைத்தது. அது அவளுடைய ஊரிலேயே இருந்தது. கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வெளியே போவதில்லை, அலங்காரம் செய்வதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. படிவமோ, வெளியே போகும் விருப்பம் குறைந்துவிட்டதா, தோற்றத்தில் அக்கறை இல்லையா, ஆட்களைச் சந்திப்பதைத் தவிர்க்கிறீர்களா என்றெல்லாம் கேட்கிறது. இத்தா இருக்கிறவள் எல்லாவற்றுக்கும் மூன்றுதான் எடுப்பாள். எங்கோ ஒரு குளிர் நாட்டில் எழுதிய கேள்விகள் கல்முனைப் பக்கத்துப் பெண்ணின் கடமையை நோய் என்று எழுதிவிடுகின்றன. அப்படியென்றால் அந்தக் கேள்விகளின் இலக்கத்தைக் கழித்துவிட வேண்டும், மிச்சம்தான் மனது என்று கைருன்னிஸா வாதிட்டாள். மரண வீட்டில் சாப்பாடும் நித்திரையும்கூடத் தாறுமாறாகத்தான் இருக்கும் என்று அவற்றையும் சேர்த்து ஆறு கேள்விகளை எடுத்தாள். ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

"அக்கா, இதுதான் உங்கட ஆய்வுட முதுகெலும்பு," என்றார் பிரசாந். அவள் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நற்பிட்டிமுனையிலிருந்து சிபானா என்ற பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்தது. அவளுடைய வாப்பா அபுல் ஹஸன் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பிலேயே சாய்ந்துவிட்டார். இரண்டு மாதமாகிறது. உம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, கதைப்பதும் இல்லை என்றாள். இத்தாவில் இருப்பவள் கிளினிக்குக்கு வர மாட்டாள் என்பதால் கைருன்னிஸாதான் வீட்டுக்குப் போனாள். உம்மாவின் பெயர் சுஹறா, ஐம்பத்திரண்டு வயது, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். கூட்டினால் இருபத்தேழு. ஆறு கேள்விக்கும் மூன்று மூன்றாகப் பதினெட்டைக் கழித்தால் ஒன்பது. பத்துக்குக் கீழே.

"உம்மாக்கு ஒண்டுமில்ல மகள்," என்று வாசலில் வைத்து சிபானாவிடம் சொன்னாள். "இத்தால அப்படித்தான் இரிக்கும்."

கோப்பில் 'இத்தா வழமை, சிகிச்சை தேவையில்லை' என்று எழுதினாள். பெயரை மறைத்து மூன்றாம் அத்தியாயத்திலும் அதை உதாரணமாகச் சேர்த்தாள். உள்ளதைச் சொன்னால், அந்த உதாரணத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இத்தா முடிகிற நாளில் சிபானா அழைத்திருந்தாள். தன் கணக்கு சரிதான் என்று கண்ணால் பார்க்கிற ஆசையும் சேர்ந்துதான் கைருன்னிஸா போனாள். வீடு நிறையப் பெண்கள். குசினியிலிருந்து வட்டிலப்ப வாசம் வந்தது. சுஹறாவைக் குளிக்கவைத்து, இலைப்பச்சைச் சேலை உடுத்தி, கட்டில் ஓரத்தில் இருத்தியிருந்தார்கள். நாலு மாதமாகக் கழற்றி வைத்திருந்த தங்கக் காப்பு இரண்டையும் மகள் திரும்பக் கையில் போட்டிருந்தாள். கைருன்னிஸா பக்கத்தில் போய் இருந்தாள். மற்றப் பெண்கள் சாப்பிட எழும்பும்வரை சுஹறா பொறுத்திருந்தாள்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க ராத்தா."

"இத்தாவ இன்னும் ஒரு மாசம் நீட்டேலாதா?"

கைருன்னிஸாவுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. "அதெப்படி ராத்தா ஏலும்? அது அல்லாஹ் வச்ச நாள். ஏன் கேக்கிறீங்க?"

"நாலு மாசமும் பத்து நாளும் ஏன் தின்னாம இரிக்காய், ஏன் பேசாம இரிக்காய் எண்டு என்ன ஒருத்தரும் கேக்கல்ல. எல்லாரும் இத்தா எண்டாங்க. நீங்களும் அதத்தான் சொன்னீங்க. நாளைக்குக் கேப்பாங்க மிஸ். நான் என்னத்தச் சொல்லுற?"

சொல்லிக்கொண்டே நெற்றிச் சீலையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். காப்பு இரண்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சறுக்கி இறங்கின.

கைருன்னிஸா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வெட்கமாக இருந்தது. பொல்லாத வெட்கம். எங்கோ குளிர் நாட்டில் எழுதிய அந்தப் படிவம் இருபத்தேழு என்று கத்தியிருக்கிறது. ஊர் வழக்கம் தெரிந்த, படித்த, சொந்தச் சனமான இவள்தான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறாள். வேறு ஊர் ஆள் எவரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்.

வெட்கத்துக்குப் பிறகு வந்தது வேறு. இந்த மனுசி கடமையையும் குறைவில்லாமல் செய்திருக்கிறாள், அதே கடமைக்குள் தன் துக்கத்தையும் ஒருவர் கண்ணிலும் படாமல் குடிவைத்திருக்கிறாள். ஒரே மௌனம்தான் இரண்டுக்கும். அதில் இத்தா எவ்வளவு, துக்கம் எவ்வளவு என்று யாரால் பிரித்து நிறுக்க முடியும்? மூன்று வருடம் புத்தகம் புத்தகமாகத் தேடியது இந்தக் கட்டிலில் இருக்கிறது.

"நான் விட்ட பிழை ராத்தா," என்றாள். "திங்கக்கிழமை என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்க. டொக்டரக் காட்டுவம். கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லுறன்."

திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். கோப்பில் பழைய வரியைக் கோடிட்டு வெட்டி, 'கழித்தது என் பிழை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். அன்று பின்னேரமே பிரசாந்தை ஸூமில் கூப்பிட்டாள். ஆய்வை ஒப்படைக்க மூன்று கிழமைதான் இருந்தது. தவணையும் ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியாகிவிட்டது. திரும்ப நீட்ட மறுத்தால் மூன்று வருடமும் போய்விடும்.

"அக்கா, ஒரு ஆள வச்சு ஒரு அத்தியாயத்த உடைக்க ஏலாது," என்றார் அவர்.

"சேர், அந்த அத்தியாயத்த வச்சு நான் ஒரு ஆள உடைச்சிட்டன்."

அவர் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தார். "அப்ப இத்தாவையும் துக்கத்தையும் எப்படிப் பிரிக்கிற?"

"எனக்குத் தெரியா சேர். பிரிக்க ஏலுமெண்டு எழுதினதுதான் பிழை. ஒரு வருசம் வேணும்."

கிடைக்குமென்று சொல்ல முடியாது என்றார். ஆனாலும் பல்கலைக்கழகப் பீடத்துக்குக் கடிதம் எழுதினார். பீடத்திலிருந்து இரண்டு மாதமாகப் பதில் வரவில்லை. ஸிராஜ் பகிடி விடாமல் இருந்த காலம் அதுதான். பிறகு ஆறு மாதம் கொடுத்தார்கள். கேட்டதில் பாதி, அவள் ஒப்புக்கொண்டாள்.

சுஹறா இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கிளினிக்குக்கு வந்தாள். மருந்து எடுத்தாள், கைருன்னிஸாவின் அறையில் வந்து இருந்தாள். சில நாள் ஒன்றும் கதைக்காமலே எழும்பிப் போனாள். நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை கைருன்னிஸா படிவத்தைத் திரும்ப எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து, சாப்பாட்டுக் கேள்வியில் நின்றாள்.

"சாப்பாட்டுல விருப்பம் எப்படி ராத்தா?"

சுஹறா யோசித்தாள். "நேத்து சுறாச் சுண்டலுக்கு உப்புக் காணா எண்டு சிபானாவ ஏசிட்டன் மிஸ்."

"ஏசினீங்களா?"

"ஓம். அவரு இரிக்கக்குள்ள அவருதான் ஏசுவாரு. நான் ஒரு நாளும் ஏசினதில்ல. சும்மா தின்னுட்டு எழும்பிருவன். நேத்து அவர்ர கதை என்ட வாயால வந்திச்சி. புள்ள சட்டியோட நிண்டு அழுதுட்டு. பொறவு ரெண்டு பேரும் உப்புப் போட்டுத் தின்னம்."

பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று. கைருன்னிஸா நாலு கட்டத்தையும் பார்த்தாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது, படிவத்தில் எழுத்துத் தெரியவில்லை. ஒன்று என்று குறித்தாள். வைத்தியருக்கு அது வேண்டும். பிறகு படிவத்தைத் திருப்பி, வெறுமையாகக் கிடந்த பின்பக்கத்தில், உப்பு என்று தொடங்கி அந்த மனுசி சொன்னதை ஒரு சொல்லும் கழிக்காமல் எழுதினாள்.