காஸ்பரின் கால்சட்டைப் பறவைகள்

மிகேலா நெய்ய உட்காருவதைப் பார்த்தால், மரத்தோடு கயிறு இழுக்கப் போகிறாள் என்றுதான் தோன்றும். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற வெண்ணெய்ப்பழ மரத்தின் தாழ்ந்த கிளையில் தறியின் ஒரு முனையைக் கட்டுவாள். மறுமுனை அவள் இடுப்பைச் சுற்றிய தோல்பட்டையில் இருக்கும். பாயில் மண்டியிட்டுப் பின்னால் சாய்ந்தால் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். கிளையும் தன் பங்குக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு சண்டை வந்ததில்லை.

சண்டை எல்லாம் மரத்தின் மேலேதான். சனாத்தே என்ற கறுப்புப் பறவை, நீண்ட வாலும் மஞ்சள் கண்ணுமாக, விடிந்ததும் வந்து ஊரையே வம்புக்கு இழுக்கும். மாங்குயில் தொங்கல் கூட்டைப் பின்னிக்கொண்டு யாரையும் சட்டை செய்யாது. புறாக்கள் சோளத்தூளுக்காக அவள் பாய் வரைக்கும் வரும். அவள் கண் அசந்தால் சனாத்தேப் பெட்டை சிவப்பு நூலைக் கவ்விக்கொண்டு பறந்துவிடும்.

"போடி திருட்டுக் கழுத, உன் புருசனப் போயி வாங்கித் தரச் சொல்லு" என்பாள் மிகேலா. திட்டிவிட்டு, மறுநாள் அவளே நான்கு துண்டு நூலைக் கல்லின் மேல் வைப்பாள்.

எங்கள் சந்தியாகோ ஊரில், இந்த ஏரிக்கரையில், ஆண்கள் முழங்காலளவு கோடு போட்ட கால்சட்டை போடுவார்கள். அதன் கீழ்ப்பாதி முழுக்கப் பறவைகள் தைத்திருக்கும். மிகேலா ஒருநாளும் துணியில் முன்கூட்டி வரைந்துகொண்டதில்லை. ஊசியில் நூல் கோத்ததும் நிமிர்ந்து பார்ப்பாள். அந்த நேரத்தில் கிளையில் எது இருக்கிறதோ அது துணிக்கு இறங்கும். கழுத்தைச் சொறிகிற புறா, வாயில் பாதி நூலோடு மாட்டிக்கொண்ட திருடி, மழையில் நனைந்து கோபமாக உட்கார்ந்திருக்கிற மரங்கொத்தி. அவள் புருஷன் காஸ்பர் அதைப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனால், ஆட்கள் குனிந்து அவன் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமைதான் வினையாக வந்தது. இப்படிப்பட்ட கைகாரி மழைக்கும் வெயிலுக்கும் நடுவே உட்காரலாமா என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஏரியில் கோரை அறுக்கிறவன் அவன். அறுத்துக் கட்டிக் கரை சேர்த்து, மிச்ச நேரமெல்லாம் சிமென்ட் கல் சுமந்தான். மழைக்காலம் தொடங்குவதற்குள் வீட்டை ஒட்டி ஓர் அறை எழும்பிவிட்டது. தகரக் கூரை, மின்விளக்கு, தறி கட்டச் சுவரில் இரும்பு வளையம். மிகேலாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினான்.

"இனிமே உன் தலையில ஒரு பறவையும் எச்சம் போடாது" என்றான்.

அவள் சிரித்தாள். வேறென்ன செய்வாள்? அவன் தோளில் கல் சுமந்த புண் இன்னும் ஆறியிருக்கவில்லை.

சுவர் வளைந்து கொடுக்காது. அவள் சாய்ந்தால் பாவு நூல் படக்கென்று அறுந்தது. அதைக்கூடப் பழகிக்கொண்டாள். ஊசி எடுத்தபோதுதான் தொல்லை. நூல் கோத்து நிமிர்ந்தால் எதிரே சுவர். நினைவிலிருந்து தைத்தாள். முதல் இரண்டு பறவைகள் உருப்படியாக வந்தன. அப்புறம் வந்தவை அந்த இரண்டின் பிள்ளைகள்போல, அவற்றுக்குப் பின் வந்தவை பேரப்பிள்ளைகள்போல, எல்லாம் ஒரே மூஞ்சி. வெளியே சனாத்தே கத்துவது தகரத்தில் பட்டு யாரோ வாளியைத் தட்டுவதுபோலக் கேட்டது. மிகேலாவுக்கு வேலை என்றால் அலுப்பு என்பதே அதுவரை தெரியாது. இப்போது மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

காஸ்பரின் தங்கை சிமோனா பக்கத்து வீடு. அவளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை.

"அண்ணங்கிட்ட வாயத் தொறந்து சொல்லேன் அண்ணி."

"எப்படிச் சொல்றது? பாக்குறவங்ககிட்டல்லாம் அந்த ரூமப் பத்தியே பேசிட்டுத் திரியுறாரு. கட்டுனவரு மனசு ஒடிஞ்சிராதா?"

"அப்போ நீயே ஒடிஞ்சு உக்காந்திரு" என்றாள் சிமோனா.

ஊர்த் திருவிழாவுக்குப் புதுக் கால்சட்டை தயாரானது. காஸ்பர் அதை மாட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போனான். கோயில் படிக்கட்டில் சிமோனாவின் புருஷன் நிக்கோலாஸும் சேக்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல எல்லோரும் குனிந்தார்கள்.

"என்ன மச்சான், பறவையெல்லாம் பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்குற மாதிரி நிக்குது?" என்றான் நிக்கோலாஸ். "வாத்தியாரு பெரம்பு வச்சிருக்காரா?"

"அது பறவையாடா? சந்தைக்குக் கட்டிக் கொண்டுபோற கோழி" என்றான் இன்னொருவன்.

காஸ்பரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். ஆனால் சாமி தெருமுனை திரும்புவதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டவனைப் பார்த்ததும் மிகேலாவுக்குப் புரிந்துவிட்டது. சோள ரொட்டியும், தக்காளிக் குழம்பில் வெந்த பொடிமீனும் எடுத்து வைத்தாள். அவன் தொடவில்லை. கோபிப்பான் என்று நினைத்தாள். அவனோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிகேலா, உனக்குக் கண்ணு மங்கிப்போச்சா? எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கியா? நாளைக்கே படகேறி டாக்டர்கிட்டப் போவோம்."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டால் அறையும் பிழைக்கும், அவன் மனசும் பிழைக்கும். அந்தப் பொய் அவள் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் அவன் பயந்துபோயிருந்தான். அதைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை.

"கண்ணு நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். "அங்க பாக்குறதுக்குத்தான் ஒண்ணுமில்ல."

காஸ்பர் எழுந்து அறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். அவள் உட்காரும் இடத்தில் அவனும் மண்டியிட்டு உட்கார்ந்து எதிரே சுவரைப் பார்த்திருக்க வேண்டும். மிகேலா அடுப்படியில் நின்று ஆறிய குழம்பைத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் வெளியே வந்தான்.

"ஒரு ஜன்னலாவது வச்சிருக்கலாம்" என்றான். "கல்லடுக்கிட்டே போனேன், அந்த நெனப்பே வரல."

அப்புறம்தான் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் அவள் சோளம் அரைத்துவிட்டு வருவதற்குள் தறி மரத்தடியில் இருந்தது. எங்கள் ஊரில் ஆண்கள் தறியைத் தொடுவதில்லை. சும்மா தாண்டிப்போனால்கூடப் பெண்கள் விரட்டுவார்கள். காஸ்பரோ கிளையில் கயிற்றைச் சுற்றி, படகைத் துறையில் கட்டுகிற முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் சிமோனா வாயைப் பிளந்து நின்றாள்.

"என்னண்ணே, பாவாடையும் கொண்டாந்து தரவா?"

"உன் வீட்டுக்காரனுக்கு வச்சிரு, அடுத்த திருவிழாவுக்கு ஆகும்" என்றான், திரும்பிப் பார்க்காமலேயே.

மிகேலா பட்டையை இடுப்பில் மாட்டிச் சாய்ந்தாள். கிளை வளைந்து கொடுத்தது. மேலே நூல்திருடி தலையைச் சாய்த்துப் பார்த்தாள், மாங்குயில் தன் வேலையைப் பார்த்தது. மிகேலாவின் கண் கலங்கியது. அது சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. மத்தியானம் மழை வந்தபோது கயிற்றைக் கிளையிலேயே விட்டுவிட்டு, தறியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு அந்த அறைக்குள்தான் ஓடினாள். மழை விடும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். அதற்கு அந்த அறை அருமையாக இருந்தது.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. படகு முடிச்சு மழையில் நனைந்தால் இரும்பாக இறுகிவிடுகிறது, அவள் விரலுக்கு அவிழ்வதில்லை. புது முடிச்சு போட அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் காலையில் கயிற்றை அவனிடமே நீட்டுகிறாள். சாயங்காலம் கோரைக் கட்டோடு அவன் கரையேறுவதைப் பார்த்ததும், மரத்தடியில் இருந்தபடியே குரல் கொடுக்கிறாள்:

"வந்து அவுத்து விடுங்க."