ஏரிக்கரையில் அம்மா பாடியது

எங்கள் அடுக்ககத்து ஜெனரேட்டரின் டீசல் வாடை அடித்தாலே அப்பாமீது ஆத்திரம் பொங்குகிறது. இதே இடம் மைதானமாக இருந்தபோது, ஆடித் திருவிழா மெல்லிசைக் கச்சேரிக்குப் பாடகி வராமல்போக, கூழ் ஊற்றிய கை காயாத எங்கள் தெருப் பெண்கள் பிடித்துத் தள்ள, அம்மா மேடையேறினாள். அவள் குரல் குழாய் ஒலிபெருக்கியில் ஏறி அயனம்பாக்கம் ஏரிமேல் பரவ, கூட்டம் விசிலடித்தது. அப்பா ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

"இன்னாடி, ஊரே பாக்கப் பாடிக்கினு கீறே? எறங்குடி!"

அம்மா இறங்கவில்லை. மைக்கும் விளக்கும் செத்த இருட்டில் மீதிச் சரணத்தையும் பாடி முடித்தாள். அதைவிட நல்ல கச்சேரியை நான் கேட்டதில்லை. அதன்பின் சாகும்வரை அவள் பாடவில்லை.

இப்போது அப்பா என்னோடுதான் இருக்கிறார். பொழுது போகாமல், "எதுனா பாட்டு வையேம்மா" என்று கெஞ்சுவார்.

நான் வைப்பதில்லை.