காலை எடுத்தால் ஓடும் வைப்பர்

அப்துல் அஜீஸின் டாக்சியில் வைப்பருக்குத் தனி மோட்டார் கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா, அந்த உறிஞ்சலில் கொஞ்சத்தை ஒரு மெல்லிய ரப்பர் குழாய் பிரித்து எடுத்து வைப்பரை ஆட்டியது. அதனால் வைப்பர் மழையைப் பார்த்து ஓடவில்லை, அஜீஸின் வலது காலைப் பார்த்து ஓடியது. ஆக்சிலரேட்டர் பெடலை அழுத்தினால் சோர்ந்து நின்றுவிடும். காலை எடுத்தால் பேய் பிடித்ததுபோல் அடித்துக்கொள்ளும். சந்திப்பில் சும்மா நிற்கையில் கண்ணாடி பளபளக்கும். மேடு ஏறுகையில், பாதை தெரிந்தே ஆகவேண்டிய இடத்தில், ஒன்றும் தெரியாது.

மலாக்கா டாக்சி ஸ்டாண்டில் இது அன்றாடக் கேலி.

"அஜீஸ் பாய், உங்க வைப்பர் கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி லா. வேலை இல்லாதப்பதான் சுறுசுறுப்பு" என்பார் பக்கத்துக் கார் அப்பாசாமி.

"சிரிங்க அண்ணே. தூறினா மெதுவா, கொட்டினா வேகமா, தானே பார்த்து முடிவு பண்ற வைப்பர் ஒரு நாள் வரும்."

"வரட்டும். அப்புறம் தானே ஓட்டிக்கிற காரும் வரும். நீ எங்க போவே?"

"பின்சீட்டுல கால் நீட்டிப் படுத்துக்கிட்டுப் போவேன்."

பேச்சில் குறைவில்லை. சவாரிதான் குறைவு. அஜீஸின் அத்தா காதர் மைதீனுக்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பள்ளிவாசலுக்கு எதிரே துணிக்கடை. கடையில் உட்கார்ந்தால் மகனுக்குத் தூக்கம் வரும். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் விழிப்பு. அத்தா ஒரு கெடு வைத்திருந்தார்: வருஷம் முடிவதற்குள் நிலையான சவாரி ஒன்று பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காரை விற்றுவிட்டுக் கடைக்கு வந்துவிட வேண்டும். அது 1956. அடுத்த ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், என்று ஊருக்கே தெரியும். அஜீஸுக்குத் தெரியவேண்டியதெல்லாம் டிசம்பருக்குள் என்ன ஆகும் என்பதுதான்.

அந்த டிசம்பரில்தான் மீனாச்சிக்கு வேலை கிடைத்தது. தலைமுறைகளாக மலாக்காவில் வாழும் செட்டிகளின் கிராமமான காஜா பெராங் கம்பத்துப் பெண். குருபோங் பள்ளியில் ஜனவரி முதல் ஆசிரியை. பஸ் அந்தச் செம்மண் பாதைக்குள் போகாது. தினமும் காலையும் மாலையும் ஒரு கார் வேண்டும். அடுத்த தெருவில் குடியிருந்த அஜீஸ் தானே போய்க் கேட்டான். மீனாச்சி சம்மதித்தாள். அவளுடைய அம்மா கண்ணம்மா சம்மதிக்கவில்லை.

கண்ணம்மாவுக்குத் தெரிந்த தமிழ், கோயிலில் காதில் விழுந்ததும் சில உறவுப் பெயர்களும்தான். அந்தக் கம்பத்தில் எல்லோருக்கும் அப்படியே. வீட்டிலும் வெளியிலும் மலாய். அஜீஸும் அவரிடம் மலாயில்தான் பேசினான். இங்கே அது தமிழாகியிருக்கிறது, அத்தை என்பதுபோல் அழைக்கும் 'மக்சிக்'கையும் இன்னும் இரண்டு சொற்களையும் தவிர.

"வெயிலில் எல்லாக் காரும் நல்ல கார்தான்" என்றார் கண்ணம்மா. "மழையில் என்னை ஏற்றிக்கொண்டு போ. பிறகு சொல்கிறேன்."

"இன்றைக்கு மழை இல்லையே, மக்சிக்."

"வரும்போது வா."

டிசம்பர் மாதம், மலாக்காவில் மழை இல்லை. அஜீஸ் தினமும் வானத்தைப் பார்த்தான். அவன் மனைவி ஜமீலா, துணி காயப்போட்டுக்கொண்டே, "ஊரே வெயிலுக்கு சந்தோசப்படுது, நீங்க ஒருத்தர்தான் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கீங்க" என்றாள். மீனாச்சி திங்கட்கிழமை பள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குமேல் வானம் கறுத்தது. முதல் துளி விழுவதற்குள் கார் கண்ணம்மா வீட்டு வாசலில் நின்றது.

கண்ணம்மா சரோங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார், மீனாச்சி முன்னால். குருபோங் போகும் வழியில் செங் என்ற ஊரைத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அஜீஸ் பெடலைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினான். வைப்பரும் மரியாதையாக ஆடியது. பிறகு ரப்பர் தோட்டத்து மேடு வந்தது. கொட்டு கொட்டென்று மழை. கார் திணறியது. அழுத்தினான். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது.

கண்ணாடி முழுக்கத் தண்ணீர். முன்னால் சாம்பல் நிறம் மட்டும்.

"லெக்காஸ்! லெக்காஸ்!" என்று பின்னாலிருந்து கத்தினார் கண்ணம்மா. சீக்கிரம், சீக்கிரம் என்று பொருள். வைப்பரைப் பார்த்துத்தான் கத்தினார்.

கூரைத் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. அஜீஸின் காதில் விழுந்தது "லெப்பாஸ்". விடு என்று பொருள். ஸ்டாண்டில் கார்களைத் தள்ளி ஒதுக்கும்போதெல்லாம் பிரேக்கை விடச் சொல்லி எவனாவது "லெப்பாஸ்! லெப்பாஸ்!" என்று கத்துவான். பழகிய கால். யோசிக்காமல் விட்டுவிட்டது.

வைப்பர் துள்ளி எழுந்து அடித்தது. ஒரே வீச்சில் கண்ணாடி தெளிந்தது. பாதை நடுவே ஓர் எருமை, குளிப்பதற்கென்றே வந்ததுபோல் சாவதானமாக நின்றது. அஜீஸ் பிரேக்கை மிதித்தான். கார் எருமையின் மூக்கருகே நின்றது. அது திரும்பிப் பார்த்தது, நகரவில்லை.

பிறகு கண்ணம்மா முன்னால் சாய்ந்தார்.

"நான் சொன்னதும் கேட்டதே!" குரலில் பயம் போய்ப் பெருமை வந்திருந்தது. "பார்த்தாயா மீனாச்சி? லெக்காஸ் என்றேன், ஓடியது. நல்ல கார்."

அஜீஸுக்கு வேண்டியது அதுதான். தலையாட்டியிருந்தால் சவாரி கையில். பக்கத்தில் இருந்த மீனாச்சியின் முகத்தைப் பார்த்தான். தினமும் இந்த மேட்டில் ஏறப்போகிறவள் அவள்.

"மக்சிக், கார் நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. எனக்குத்தான் தப்பாகக் கேட்டது. விடு என்று சொன்னதாக நினைத்துக் காலை எடுத்துவிட்டேன்."

"காலை எடுத்தால் வைப்பர் ஏன் ஓட வேண்டும்?"

"இளநீரில் குழல் போட்டு உறிஞ்சுகிறீர்கள். வாயை அகலத் திறந்துகொண்டு உறிஞ்சினால் வருமா?"

"வராது."

"பெடலை மிதித்தால் எஞ்சின் வாயைத் திறந்துவிடும். வைப்பருக்கு இழுப்பு இல்லை. காலை எடுத்தால் வாய் மூடும், இழுப்பு வரும்."

கண்ணம்மா யோசித்தார். "அப்படியானால் மேடு ஏறும்போது நீ குருடன்."

"மழையில், வேகமாக ஏறினால், ஆமாம். நிதானமாக ஏறி நடுநடுவே காலை எடுத்தால் தெரியும். இன்று உங்களிடம் நல்ல பேர் வாங்கும் அவசரத்தில் அழுத்திவிட்டேன்."

மீனாச்சி கண்களை மூடிக்கொண்டாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். பின்சீட்டிலிருந்து முதலில் ஒரு செருமல் வந்தது, அப்புறம் சிரிப்பு.

"என் புருஷனும் இதே ஜாதி" என்றார் கண்ணம்மா. "விரட்டினால் நின்றுவிடுவார். விட்டால் எல்லா வேலையும் நடக்கும். அவரோடு முப்பது வருஷம் ஓட்டவில்லையா?" சிரிப்பை நிறுத்தினார். "மறுபடி ஏறு. உன் இஷ்டப்படி. நான் வாய் திறக்கமாட்டேன்."

ஹாரன் அடித்து எருமையை ஒதுக்கிவிட்டு அஜீஸ் ஏறினான். கொஞ்சம் மிதி, கொஞ்சம் விடு, ஒரு வீச்சு, கண்ணாடி தெளிவு. மறுபடி கொஞ்சம் மிதி. கார் நத்தையாக மேட்டைத் தாண்டியது. நனைந்துகொண்டே சைக்கிளில் வந்த ஒருவர் அவர்களை முந்திப் போனார். கண்ணம்மா சொன்னபடி வாய் திறக்கவில்லை. பள்ளி வாசல் வந்ததும்தான் திறந்தார்.

"மழை நாளில் சீக்கிரம் கிளம்பு. சைக்கிளை முந்தினாய் என்று கேள்விப்பட்டால் வேறு கார் பார்ப்பேன்."

திரும்பும் வழியெல்லாம் மீனாச்சி வகுப்பில் என்ன பாடம் முதலில் எடுப்பது என்று பேசிக்கொண்டே வந்தாள். அவர்களை இறக்கிவிட்டதும் அஜீஸ் நேரே துணிக்கடைக்குப் போனான். காதர் மைதீன் கெஜக்கோலும் கையுமாக நின்றிருந்தார்.

"அத்தா, டீச்சர் சவாரி கிடைச்சிடுச்சு. தினமும். கடைக்கு நான் வரலை."

அவர் துணியை அளந்து முடித்தார், கத்தரித்தார், மடித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "நீ வெட்டுன துணியில ஒண்ணாச்சும் நேரா வந்திருக்கா? கடை தப்பிச்சுது." பிறகு தெருவை எட்டிப் பார்த்தார். மழை விடவில்லை. குடையை எடுத்தவர், அதை மறுபடி மூலையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். "காரை வாசல் வரைக்கும் கொண்டா. என்னை வீட்ல விட்டுட்டுப் போ."