ஐந்து ஓட்டல்களுக்கு நான் போட்ட மார்க்

எனக்கு ஏழு வயது நடந்த அந்த வருஷம், நாங்கள் திடீரென்று ஓட்டலுக்குப் போகிற குடும்பமாகிவிட்டோம். அதற்கு முன்னால் ஓட்டல் என்றால் எனக்கு ஜுரம் வந்தபோது அப்பா வாங்கிவந்த இட்லிப் பொட்டலம் மட்டும்தான். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது வீட்டில் சமைக்கத் தெரியாதவர்களின் பழக்கம் என்று அம்மா சொல்லிவந்தாள். அதே அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, "கிளம்புங்க, ஓட்டலுக்கு நேரமாச்சு" என்றபோது, எங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதாக நான் முடிவு செய்தேன்.

பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், பின்போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. தாத்தா பாட்டி காலமானபின் சித்தி எங்களோடுதான் இருந்தாள். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளைப் பிரித்துப் பார்த்து, தையல் விட்டிருக்கிறது, பட்டன் தளர்ந்திருக்கிறது, காலர் கோணல் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கென்று கட்டம் அச்சடித்த தாள்கள் உண்டு. வரிசை எண், பொருள், குறை, முடிவு. அச்சு சாய்ந்துவிட்டதென்று கம்பெனியில் கழித்துப்போட்ட தாள்கட்டு ஒன்றைச் சித்தி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பொம்மைகளை நேசிக்கிற வயதில் நான் அந்தக் கட்டங்களை நேசித்தேன். வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். அம்மாவின் ரசத்துக்கு 'குறை: புளி' என்று எழுதி முதுகில் ஒன்று வாங்கினேன்.

ஓட்டலுக்குப் போனதன் காரணம் சித்தியின் கல்யாணம். வீட்டில் என் ஒருத்திக்குத்தான் அது தெரியாது. அதற்கு முன்பு மூன்று இடத்திலிருந்து வீட்டுக்கே வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் முன்போர்ஷனில் இருந்த வீட்டுக்கார அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் முழுக்கக் குழாயடியில், "இன்னாம்மா, வந்தாங்களே, ஒண்ணும் சொல்லலியா?" என்று விசாரிப்பார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். இனி யாரும் வீட்டுக்கு வர வேண்டாம். ஓட்டலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல வைத்துக்கொள்ளலாம். பிள்ளை வீட்டாருக்கும் அதில் ஒரு வசதி இருந்தது. சம்பந்தம் முடிவாகும் முன் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பார்கள். ஓட்டல் யார் வீடும் இல்லை.

பெண் பார்ப்பது எப்படியிருக்கும் என்று நான் அறிந்திருந்தேன். ஜமக்காளம், பட்டுப்புடவை, தலை கொள்ளாத பூ, பெரியவர்களை விழுந்து கும்பிடுதல். ஓட்டலில் இவற்றில் ஒன்றும் கிடையாது. "அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க வராங்க. நீ வாயத் திறக்காம சாப்பிடணும்" என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. கூடக் குழந்தை இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சாதாரணக் குடும்பம் சாப்பிட வந்ததாகத் தெரியும் என்பது அம்மாவின் யோசனை. அப்பாவுக்கு இத்தனை தெரிந்தவர்கள் இருந்ததும், அவர்களில் ஒருவர்கூட இரண்டாம் முறை வராததும் எனக்கு வியப்பாகப் படவில்லை. அப்பா அப்படியொன்றும் கலகலப்பானவர் இல்லை.

முதல் ஓட்டல் பல்லாவரத்தில். குடும்ப அறை என்று திரை போட்டுத் தடுத்திருந்தார்கள். திரையின் ஓரத்தில் எல்லாரும் கை துடைத்த மஞ்சள் கறை. கேசரியில் முந்திரி இரண்டே இரண்டு. விமானம் தலைக்குமேல் போகும்போதெல்லாம் பேச்சு நின்றது, அப்பாவுக்கு அது உதவியாக இருந்தது. இரண்டாவது குரோம்பேட்டை. அங்கே சாம்பார் வாளியோடு வருகிறவர் கேட்காமலே ஊற்றுவார். மூன்றாவது வண்டலூரில், விலங்குப் பூங்காவுக்குப் போகிற வழியில். வந்தவர் இருமிக்கொண்டே இருந்தார். அவருடைய அக்கா சித்தியிடம், "போய்க் கை கழுவிட்டு வாயேம்மா" என்றார். சித்தி இன்னும் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் எழுந்து, கோடியில் இருந்த குழாய்வரை நடந்து, கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த அக்கா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் 'குறை: கை கழுவும் இடம் தூரம்' என்று எழுதினேன். நான்காவது, சேலையூர் கேம்ப் ரோட்டில் இருந்தது. நுழைந்தவுடன் தோசைக்கல், முறுகல் வாசனை, வாசலைப் பார்த்த பெரிய மேஜைகள். பத்துக்கு ஒன்பது கொடுத்தேன்.

இந்த இடங்களிலெல்லாம் சித்தி ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. காபியை மட்டும் உதட்டில் வைத்து எடுப்பாள். அவள் கேசரி மெல்ல என் தட்டுக்கு வந்துவிடும். திரும்பும்போது பஸ்ஸில் நானும் அவளும் ஒரு சீட்டில். "ம், சொல்லு. குறை என்ன?" என்று கேட்பாள். அவள் கைப்பையை மேஜையாக வைத்து நான் எழுதுவேன். "சட்னி தண்ணி." "எவ்வளவு தண்ணி? அதைச் சரியா எழுதணும்." "தட்டைச் சாய்ச்சா ஓடுது." "அதான் குறை. அப்படி எழுது." இன்று எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் முழங்கை இடிக்க உட்கார்ந்து, எழுதி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிற ஆள் அதற்குப் பிறகு எனக்கு எந்த அலுவலகத்திலும் அமையவில்லை.

புதன்கிழமை வாக்கில் தரகர் வந்து வாசலில் நின்றபடி அப்பாவிடம் பேசிவிட்டுப் போவார். அன்று சித்தி தலைவலி என்று படுத்துக்கொள்வாள். ஓட்டல் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அவள்தான் எதையும் சாப்பிடவே இல்லையே என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது ஓட்டல் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில். அன்று அம்மா வழக்கத்தைவிடப் பதற்றமாக இருந்தாள். சித்திக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது, இதுவும் தட்டிப்போனால் இனி வருவதெல்லாம் இரண்டாம் தாரமாகத்தான் இருக்கும் என்று தரகர் சொல்லியிருந்தாராம். நங்கநல்லூரிலிருந்து பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். "இப்பத்தாங்க பார்க்கவே ஆரம்பிச்சிருக்கோம். நீங்கதான் மொதல்ல" என்று அம்மா அந்த அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாததால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சர்வர் வந்து, "இன்னா சார், அல்லாருக்கும் கேசரி, பஜ்ஜியா?" என்றார். அப்பா தலையாட்டினார்.

"எனக்கு ஒரு மசால் தோசை" என்றார் வந்தவர். "மத்தியானம் சரியாச் சாப்பிடல."

அவருடைய அம்மா குரலைத் தாழ்த்தி, "டேய், கை நனைக்கக் கூடாதுடா" என்றார்.

"அது பொண்ணு வீட்லம்மா. இது ஓட்டல். கல்லாவுல இருக்கறவருக்குப் பொண்ணு இருந்தாத்தான் யோசிக்கணும்."

சித்தி குனிந்த தலை நிமிராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோசை வந்தது. அவர் நிஜமாகவே பசித்த மனிதர்போல அதைச் சாப்பிட்டார். எனக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் தட்டைக் காலி செய்த முதல் ஆள் அவர்தான். இடையில் என் தாள்கட்டைப் பார்த்து, "என்னம்மா, ஹோம்வொர்க்கா?" என்றார்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் எனக்கு உத்தரவு. ஆகவே திறக்காமல், தாள்கட்டை அவரிடம் நீட்டினேன்.

அவர் இடது கையால் வாங்கி உரக்கப் படித்தார். "ஒண்ணு, பல்லாவரம். கேசரி. குறை, முந்திரி ரெண்டுதான்." சிரித்தார். தாளின் ஓரத்தில் நானே கோடு போட்டுச் சேர்த்த 'வந்தவர்' என்ற கட்டமும் இருந்தது. "வந்தவர், மீசை அங்கிள். ரெண்டு, குரோம்பேட்டை. வந்தவர், கண்ணாடி அங்கிள். மூணு, வண்டலூர்…" அத்தோடு குரல் நின்றது. தாள்கட்டை மூடப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றார் அவருடைய அம்மா.

"சும்மாம்மா. குழந்தை ஏதோ கிறுக்கியிருக்கு."

அந்த அம்மா மகன் கையிலிருந்து தாள்கட்டை வாங்கி, எட்டப் பிடித்துத் தானே படித்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "நாலு பேர் வந்திருக்காங்க போலிருக்கே. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்னீங்க" என்றார். அம்மா காபி டம்ளரைப் பார்த்தாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே ரயில் போவதைப் பார்த்தார். இந்த ஓட்டலுக்கு மேலே விமானம் எதுவும் வரவில்லை.

வந்தவர்தான் பேசினார். "சரி, நான் என்ன அங்கிள்?"

நேரடியான கேள்வி. அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. "தோசை அங்கிள்" என்றேன்.

சித்தி சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் அடங்கவில்லை, கண்ணில் நீர் வந்தது. அவரும் சிரித்தார். மற்ற மூன்று பெரியவர்களும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிறவர்கள்போல இருக்க, அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல பர்ஸ்ட் மார்க் எந்த ஓட்டலுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"சேலையூர். கேம்ப் ரோடு. பத்துக்கு ஒன்பது."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு அங்கதான் டிபன். ஒரு நாலரை மணிக்கு." இதை என்னிடம்தான் சொன்னார். ஆனால் பார்த்தது என்னை இல்லை. அவருடைய அம்மா எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் சித்தி குறை என்னவென்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா தாள்கட்டைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தாள். "வாயைத்தான்டி கட்டினேன், கையக் கட்ட மறந்துட்டேன்" என்று என்னை அடிக்க வந்தாள். சித்தி நடுவில் வந்து, "விடுக்கா. அவ எழுதினதுல ஒண்ணும் தப்பில்ல. எல்லாம் நடந்ததுதானே" என்றாள்.

புதன்கிழமை தரகர் வந்தார். பொருந்தியிருந்த ஜாதகம் இரண்டாம் முறை பார்த்தபோது பொருந்தவில்லையாம். அன்று சித்திக்குத் தலைவலி வரவில்லை. சனிக்கிழமை அவள் தன் நீலப் புடவையை எடுத்து, தண்ணீர் தெளித்து, நிதானமாக இஸ்திரி போட்டாள். ஞாயிறு மத்தியானம் அம்மாவிடம், "பாப்பாவுக்குச் செருப்பு வாங்கித் தரேன்" என்று சொல்லி என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தாம்பரத்தில் இறங்கி, செருப்புக்கடையைத் தாண்டி நடந்தோம். ஸ்டேஷன் பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கி, சேலையூர் பஸ் பிடித்தோம். ஓட்டலுக்குள் நுழைந்தபோது நாலேகால். சித்தி வாசலைப் பார்த்த நாலு பேர் மேஜையைத் தேர்ந்தெடுத்து, என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். எதிரே இரண்டு இடம் காலியாக இருந்தது. எனக்கு ரவா தோசை சொன்னாள், தனக்குக் காபி. அப்பா இல்லை, அம்மா இல்லை, தெரிந்தவர்கள் யாரும் இல்லை, நானும் சித்தியும் மட்டும் ஒரு ஓட்டலில். அதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் மனம் அடிக்கடி போகிறது.

சித்தி இன்று விசாகப்பட்டினத்தில் இருக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நல்ல மனிதர். போனில் பேசும்போது அந்த ஐந்து ஓட்டல்களையும் வரிசை மாறாமல் சொல்லுவாள். இருமல் அங்கிளைச் சொல்லிச் சிரிப்பாள். சேலையூருக்கு நாங்கள் இரண்டாம் தடவை போனதை மட்டும் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்று கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. சர்வர் வந்து, "யக்கா, இது நாலு பேரு டேபுள். ஆளு யாருனா வராங்களா?" என்றார்.

"வராங்க" என்றாள் சித்தி.

அவளை நிமிர்ந்து பார்த்தேன். சித்தி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. "யாரு சித்தி வராங்க?"

"நீ சாப்பிடு."

இரண்டாவது காபி வந்தது. ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஒரு கணவனும் மனைவியும் வந்து, இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். "வராங்க" என்று அதையே சொன்னாள். அவர்கள் வேறு மேஜைக்குப் போனார்கள். எனக்கு இது பிடித்துப்போயிற்று. ஓட்டல் முழுக்க ஜனம் நிற்கும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் நான்கு இடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலியான நாற்காலிமேல் அவள் கைப்பையை வைத்து நானும் காவலில் சேர்ந்துகொண்டேன்.

என் தோசை முடிந்தது. வெளியே விளக்கு போட்டார்கள். இரண்டு கைகளிலும் பைகளோடு ஒரு அம்மாளும், அவர் பெண்ணும் எங்கள் மேஜையருகே வந்து நின்றார்கள். நான் முந்திக்கொண்டு, "ஆள் வராங்க" என்றேன்.

சித்தி வாசலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் வரல. உக்காருங்க" என்றாள்.

எனக்கு அவள்மேல் தாங்க முடியாத கோபம். அத்தனை நேரம் காப்பாற்றி வைத்திருந்த இடத்தை, யாரோ வந்து கேட்டவுடன் இப்படிச் சும்மா கொடுத்துவிட்டாளே என்று வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.